பேட்டரியைக் கழட்டணுமா?

“நாசமாப் போற போனு! இன்னைக்குன்னு பார்த்தா மல்லாந்து கெடக்கோணும்?” என்று ஆயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மல்லாந்து கிடந்தது போன் மட்டுமல்ல. கட்டிலில் அவள் புருஷன் காத்தமுத்துவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கோத்தகிரிக் குளிரில் ஒருவருக்கு இப்படி வேர்க்கிறதென்றால் அது நல்ல வேர்வை இல்லை.

மகன் ஜெகதீசன் ஜன்னலோரம் நின்று போனோடு மல்லுக்கட்டினான். அப்பா பார்த்துக்கொண்டிருந்த காமெடி வீடியோ பாதியில் நின்றுபோய், திரையில் ஒரு ஆள் வாயைப் பிளந்தபடி நின்றான். தட்டினாலும் தேய்த்தாலும் அந்த ஆள் வாயை மூடுவதாக இல்லை.

“நூத்தியெட்டுக்கு அடிடா!”

“அடிக்கத்தாம்மா பாக்கறேன். ஹேங் ஆயிருச்சு. ஒண்ணும் நகர மாட்டேங்குது.”

வீட்டில் இருந்தது அந்த ஒரே போன்தான். ஜெகதீசனுடையது டிஸ்பிளே உடைந்து கோத்தகிரிக் கடையில் கிடந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் சீசன் என்பதால் எஸ்டேட் தொழிலாளர் லைனில் எல்லா வீடும் பூட்டியிருந்தது. கீழே ஃபேக்டரி வரை ஓடிப்போய் ஆள் கூட்டி வர ஒரு மணி நேரமாவது ஆகும். போன் மட்டும் வேலை செய்தால் இருபது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்.

நேரம் பார்த்து வந்த வலி அது. வெள்ளிக்கிழமையோடு காத்தமுத்துவுக்கு ரிட்டயர்மென்ட். முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரியில் இலை வாட்டிய மனிதர், மீதமிருந்த லீவை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ரிட்டயர் ஆனால் லைன் வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிட வேண்டும். போவதற்கு இடம் இன்னும் அமையவில்லை, சாமான்கள் மட்டும் சாக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

காலையில்கூட ஆயம்மாள் சாக்கைக் கட்டிக்கொண்டே எதிர்வீட்டைக் காட்டிப் புலம்பினாள். “கருப்பம்மா குடுத்து வெச்சவ. மகனுக்கு வேலையும் ஆச்சு, ஊடும் தங்குச்சு.”

கருப்பம்மாளின் புருஷன் போன வருஷம், சர்வீஸில் இருக்கும்போதே காட்டெருமை முட்டிச் செத்துப்போனவர்; அதனால் அவர் வேலை மகனுக்கு வந்தது. “தாலியறுத்தவளப் போயி குடுத்து வெச்சவங்கறியே, உனக்குக் கூறு இருக்குதா?” என்று காத்தமுத்து சிரித்தார். ஐ.டி.ஐ. முடித்து நாலு வருஷமாக வேலை தேடும் ஜெகதீசனும் கூடச் சிரித்தான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“பேட்டரியக்... கழட்டி மாட்டுடா,” என்றார் காத்தமுத்து, மூச்சை இழுத்து இழுத்து. “பழைய போனுக்கெல்லாம்... அப்படித்தான்...”

“இதுல கழட்ட முடியாதுப்பா. உள்ளயே ஒட்டியிருக்கும்.”

ஆயம்மாள் காய் நறுக்கும் கத்தியோடு ஓடி வந்தாள். “நவுரு, நான் நெம்பிப் பாக்கறேன்.”

“ஐயோ, வேண்டாம்மா! நெம்புனா உள்ளதும் போயிரும். பேட்டரியக் கழட்டோணும்னே இல்ல. பவர் பட்டனையும் சவுண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் புடிச்சா தானா அணைஞ்சு தானா வரும்.”

“அப்ப அமுக்கேன்டா! மனுசன் கெடக்கற கெடையில பாடம் நடத்தறான்!”

அமுக்கினான். கட்டை விரல் வெளுத்துப்போகும் அளவுக்கு அமுக்கினான். பத்து எண்ணினான், ஒன்றும் ஆகவில்லை. இருபது எண்ணும்போது வாய் பிளந்த ஆள் பொசுக்கென்று மறைந்து, திரை கறுத்தது.

“போச்சு! இருந்ததும் போச்சு!” என்று ஆயம்மாள் கட்டில் காலடியில் உட்கார்ந்து புருஷனின் பாதத்தைப் பரபரவென்று தேய்த்தாள்.

“அழுவாத புள்ள,” என்றார் காத்தமுத்து. “பையன்... எப்படியும் சரி பண்ணிருவான்.” பாவம், அந்த நிலையிலும் அவருக்குப் பெண்டாட்டியின் கண்ணீர்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஜெகதீசனின் கைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. சத்தமில்லாமல் திரை வெளுத்தது, எழுத்துகள் வந்தன, ஜன்னல் கம்பியோரம் பிடித்ததும் சிக்னலும் வந்தது. ஒன்று, பூஜ்யம் என்று அழுத்தினான்.

எட்டை அழுத்தவிடாமல் ஒரு உள்ளங்கை வந்து திரையை மூடியது. ஆயம்மாள் எழுந்து வந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை.

“என்னம்மா, கையை எடு!”

அவள் கையை எடுக்கவில்லை. புருஷனுக்குக் கேட்காதபடி மகனின் காதோரம் வந்தாள். “வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்கப்பா சர்வீஸ்லதான் இருக்காரு, சாமி.”

விளங்க அவனுக்கு ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் கட்டிய சாக்குகளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கட்டில் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

“போனு... வந்துருச்சாடா?” என்றார் காத்தமுத்து.

ஜெகதீசன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“இல்லப்பா, இன்னும் ஹேங் ஆகித்தான் கெடக்குது.”