ஆறாம் நம்பருக்கு ரெண்டு தட்டு

"இந்த உப்புமாவ மனுசன் திம்பானுங்களா?"

மருதாசலம் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூம் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சரிதாவுக்கு ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இன்றுதான் முதல் நாள். வாழப்பாடியிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, சேலத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நுழைந்த முதல் ரூமே இந்த ஆறாம் நம்பர்தான். ஆளோ நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரர், லாரி டிரைவர். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, காலில் ஆறாத புண்ணோடு படுத்திருக்கிறார்.

"சார், காலைச் சாப்பாட்டை மட்டும் விடவே கூடாது. வெறும் வயித்துல இருந்தா தலை சுத்தும், மயக்கம் வரும்" என்றாள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி.

மருதாசலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க சாப்டாச்சுங்களா அம்மிணி?"

"ஆச்சுங்க சார்."

"என்ன சாப்டீங்க?"

இதென்னடா வம்பு! "இட்லி சார்."

"ஓஹோ, உங்களுக்கு இட்லி. எனக்கு இந்தக் கண்றாவி!" தட்டைத் தள்ளி வைத்தார். "இதே மாதிரி இன்னொரு தட்டு கொண்டாங்க. எம்முன்னால நீங்க தின்னு காட்டுங்க. அப்பத்தான் நான் திம்பேன்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜோதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா, தெரியவில்லை.

சரிதா நேராகத் தலைமை டயட்டீஷியன் அறிவுமதியிடம் போய் நின்றாள்.

"மேடம், அந்த ஆள் என்னைக் கேலி பண்றார்."

"பண்ணட்டுமே! பேஷன்ட் சாப்பிடணும், சர்க்கரை இறங்கணும், அதுதான் நம்ம வேலை. எப்படியும் நீ ருசி பார்க்க ஒரு தட்டு எடுக்கணும். அதை அங்கேயே போய்ச் சாப்பிடு" என்றாள் அறிவுமதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "மாசக் கடைசியில உன்னை நிரந்தரமா எடுக்கறதா வேண்டாமான்னு நான் எழுதிக் கொடுக்கணும். அதையும் ஞாபகம் வெச்சுக்கோ."

அப்புறம் என்ன செய்வது? போனாள், சாப்பிட்டாள்.

மறுநாளும் அதே கூத்து. அதற்கடுத்த நாளும்.

"அம்மிணி, சட்னியத் தொட்டுக்கவே இல்லீங்க. தொட்டுத் தின்னு காட்டுங்க."

"காட்டியாச்சு சார்."

"தட்டுல மிச்சம் வெக்கறீங்க பாருங்க! நீங்களே மிச்சம் வெச்சா நான் எப்படீங்க முழுசாத் திங்கறது?"

ஒருநாள் அவித்த முட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாமக்கல் ஜில்லாக்காரன்கிட்டயே முட்டையில திருட்டா? மஞ்சக்கரு எங்கீங்க?" என்று ஒரு போடு போட்டார். சரிதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் அவள் தலை தெரிந்ததுமே சமையல்கட்டில் குரல் கிளம்பும். "ஆறாம் நம்பருக்கு ரெண்டு தட்டேய்!" எல்லாரும் சிரிப்பார்கள். சரிதாவுக்கு மானம் போகும். மாங்கு மாங்கென்று படித்துப் பட்டம் வாங்கியது இந்த மனுசன் முன்னால் உப்புமா தின்னத்தானா?

ஆனால் ஒன்று. மருதாசலம் தட்டை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார். சர்க்கரை மளமளவென்று இறங்கியது. புண்ணும் ஆறத் தொடங்கியது. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

கிளம்புகிற அன்று மருதாசலம் கட்டிலில் கெத்தாகச் சாய்ந்துகொண்டு, "உங்க பெரிய மேடத்தக் கூப்பிடுங்க. இந்த அம்மிணியப் பத்தி ஒண்ணு சொல்லோணும்" என்றார்.

போச்சு! மாசக் கடைசிக்கு இன்னும் ரெண்டே நாள். போகிற போக்கில் புகார் சொல்லி, கிடைத்த வேலையில் மண்ணைப் போடப் போகிறார் பாவி மனுசன்.

அறிவுமதி வந்தாள். "எங்க சாப்பாடு உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரியும் சார். நீங்க..."

"புடிக்கலீங்களா?" ஜோதி குறுக்கே பாய்ந்தாள். "யாருங்க சொன்னது? லாரில இவரே ஆக்கற சோத்தத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போன மனுசனுங்க. ஊட்டுல உப்பில்லாம ஆக்கி வெச்சாலும் ஒரு வார்த்த பேசமாட்டாரு. உங்க உப்புமாவ, 'நீயும் இப்படிக் கிண்டக் கத்துக்கோ'ன்னு என் உசிர எடுக்கறாருங்க!"

சரிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாஞ் சொல்ல வந்தது இதுதானுங்க மேடம்" என்றார் மருதாசலம். "சர்க்கரை எறங்குனது இந்த அம்மிணியாலதான். தங்கமான புள்ள. வேலைல நெலையா வெச்சுக்கோணும்."

அறிவுமதி சிரித்தாள். "நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன் சார்."

சரிதாவுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் கேட்காமல் விட மனசு வரவில்லை.

"பிடிச்ச சாப்பாட்டை வெச்சுக்கிட்டு எதுக்கு சார் தினமும் என்னை அந்தப் பாடு படுத்துனீங்க?"

மருதாசலம் தலையைச் சொறிந்தார்.

"எங்க வண்டில ஒரு பழக்கமுங்க. கூட வார கிளீனர் பசியோட நிக்கறப்ப டிரைவர் தன் தட்டுல கைய வெக்கமாட்டான். மொத நாளு சாப்டீங்களான்னு கேட்டேன், 'ஆச்சு, இட்லி'ன்னீங்க. ரூமுக்குள்ள வந்ததுமே கண்ணு சொருகி, கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டுல்லீங்க நின்னீங்க!"