பின்சீற்றுக்குக் கீழே

பரந்தன் சந்தியில் காரைத் திருப்பும்போதுதான் யோகலிங்கம் முன்கண்ணாடியில் அதைக் கண்டான். பின்சீற்றில் இடது கரையில் சாய்ந்திருந்த ஆளின் வாய் திறந்திருந்தது. கீழுதட்டில் ஒரு இலையான் ஈ ஆறுதலாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஆள் அசையவில்லை.

யோகலிங்கம் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சரித்து இன்னொருக்கால் பார்த்தான்.

காலையில் எவ்வளவு சந்தோசமாகப் புறப்பட்டவன். யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில் காரை விட்டு, என்சின் சூட்டில் தண்ணீர் வற்றி வற்றிச் செத்துக்கொண்டிருந்த பற்றரியை முன்னாலிருந்து கழற்றுவித்து, பின்சீற்றுக்குக் கீழே மரப்பெட்டியில் வைப்பித்தான். பழைய மெல்லிய வயரை எறிந்துவிட்டு, லொறிக்குப் பூட்டுகிற பெருவிரல் மொத்த வயராக இழுப்பித்தான். எல்லாம் வருகிற புதன்கிழமை புதுக்குடியிருப்பில் நடக்கப்போகும் கலியாணச் சவாரிக்காக. மாப்பிள்ளை ஏறிய கார் நடுவழியில் நின்று, ஆட்களைத் தள்ளச் சொன்னால் மானம் போய்விடும்.

வெறுங்காராகத் திரும்பாமல், பெரியாசுபத்திரி வாசலில் ஒரு சவாரியும் அகப்பட்டது. ஜெகதீஸ்வரி என்றொரு பெண் வந்து, தாய்க்குக் கண் ஒபரேசன் முடிந்தது, தமையனுக்கும் காய்ச்சல், விசுவமடுவில் இறக்கவேண்டும் என்றாள். அவன் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மூன்று பேரும் ஏறியிருந்தார்கள். அவனுக்கு நேர் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்டபடி தாய், நடுவில் ஜெகதீஸ்வரி, மற்றக் கரையில் கழுத்துவரை போர்த்துக்கொண்டு தமையன். தாய்க்குத் தலை ஆடக்கூடாதாம், கதைக்கவும் கூடாதாம், டொக்டர் சொன்னாராம். மகள் ஒரு கையால் தாயின் தோளை அணைத்துப் பிடித்திருந்தாள்.

ஆனையிறவு வரை அவன் தன் புது வயரின் பெருமையைத்தான் அளந்துகொண்டு வந்தான். "பற்றரி உங்கட சீற்றுக்குக் கீழதான் இருக்கு, பயப்பிடாதேங்கோ" என்றும் சொன்னான்.

இப்போது இந்த இலையான்.

ஆசுபத்திரியில் செத்தவரை நோயாளி மாதிரி இருத்திக் கொண்டுவருவது அவன் கேள்விப்படாத சங்கதி அல்ல. பிரேதம் என்று சொன்னால் எந்தக் கார்க்காரன் ஏற்றுவான்? ஊரில் இன்னொரு வாடகைக் கார் ஓடும் கனகலிங்கத்தின் காரில் அப்படித்தான் ஒன்று வந்து இறங்கியது. ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து கலியாண வீட்டுக்காரர் அந்தக் காரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இன்றைக்கு அது நெல்மூட்டை ஏற்றித் திரிகிறது.

தருமபுரம் தாண்டக் காடு இரண்டு பக்கமும் நெருங்கியது. பட்டப்பகல் வெயிலிலும் அவனுக்கு உடம்பு குளிர்ந்தது. கார் றோட்டுக் கிடங்கு பள்ளங்களில் விழுந்து எழும்பும்போதெல்லாம் பின்னால் அந்தத் தலை தொங்கித் தொங்கி ஆடியது. றோட்டைப் பார்க்க நினைத்தாலும் கண் கண்ணாடிக்கே போனது.

"அண்ணருக்கு ஒரு வாய் தண்ணி குடுங்கோவன்" என்று கேட்டுப் பார்த்தான்.

"வேண்டாம். அவர் நித்திரை கொள்ளட்டும்" என்றாள் ஜெகதீஸ்வரி. சொல்லும்போதே கண்ணைத் துடைத்தாள்.

ஏன் அழுகிறாள் என்று கேட்டதற்குத் தூசி என்றாள். யன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்க எங்கேயிருந்து தூசி? யோகலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெற்ற தாய்க்கும் சொல்லாமல் மறைத்துக் கொண்டுபோகிறார்கள். அந்த மனுசி பாவம், மகன் போய்விட்டான் என்று தெரியாமல் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிறாள்.

பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். புதன்கிழமை மாப்பிள்ளை ஏறப்போவதும் இதே சீற்றில்தான். தெரியாதவன் மாதிரி இருந்துவிடலாம் என்றாலோ, பிரேதத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இந்தக் காட்டைக் கடக்க அவனுக்குத் தெம்பில்லை. தொட்டுப் பார்க்கவும் கை வராது. வற்றாப்பளை அம்மாளாச்சிக்கு ஒரு பொங்கல் நேர்ந்துகொண்டான்.

அப்போதுதான் பற்றரி ஞாபகம் வந்தது.

காரை ஓரங்கட்டி என்சினை நிற்பாட்டினான். புது வயர் இளகிவிட்டது போல இருக்கிறது, சீற்றைத் தூக்கிப் பார்க்கவேண்டும், எல்லாரும் ஒருக்கால் இறங்குங்கள் என்றான்.

ஜெகதீஸ்வரியின் முகம் வெளிறிப்போனது. "இறங்காமல் பாக்கேலாதோ?"

"ஏலாது, தங்கச்சி. பற்றரி கீழயெல்லோ இருக்கு."

அவள் தாயையும் தமையனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தமையனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். யோகலிங்கம் ஓடுவதற்கு ஆயத்தமாகக் கதவுப்பிடியில் கையை வைத்தான்.

"அண்ணை... அண்ணை, எழும்புங்கோ."

இலையான் பறந்தது. ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பி, கதவைத் திறந்து இறங்கி, றோட்டோரத்தில் நின்று பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். நாலைந்து இரவு ஆசுபத்திரியில் கண்மூடவில்லை என்றார்.

யோகலிங்கத்துக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. தன் பயத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டான். இறக்கியது இறக்கியாயிற்று, சும்மா ஒரு நட்டையாவது இறுக்கிக் காட்டுவோம் என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு தாயின் பக்கத்துக் கதவடிக்கு வந்தான்.

"அம்மாவையும் மெல்லமா இறக்குங்கோ, அண்ணை. ஒரு நிமிசம்தான்."

உள்ளே ஜெகதீஸ்வரி தாயின் தோளிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. தமையன் காரைச் சுற்றி வந்து, யோகலிங்கத்தின் கையை ஸ்பானரோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா இனி இறங்கமாட்டா, தம்பி."