மேஸ்திரி வீட்டு அஸ்திவாரம்

அளவு டேப்பின் நுனி, சோதனைக்காகத் தோண்டிய பள்ளத்துக்குள் இறங்கியது. மேஸ்திரி குனிந்து எட்டிப் பார்த்தார்.

நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியர் பெண் மூலைத்தூணின் அடியில் மண்டியிட்டிருந்தாள். நகரம் வீங்கிக்கொண்டே போகிறது, இனி வரப்போகிறவர்களுக்கு இடமில்லை. அதனால் அஸ்திவாரம் தாங்கும் வீடுகளுக்கு மேலே இரண்டு மாடி கட்ட அனுமதி என்று அலுவலகம் முடிவு செய்திருந்தது.

காலையிலிருந்து அந்தத் தெருவில் பதினோரு வீடு பார்த்தாயிற்று. பதினொன்றும் ஊற்றிக்கொண்டன.

இதுவும் ஊற்றிக்கொண்டால் பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு திசையில் வீடு தேடிப் போகவேண்டியதுதான். மூத்தவன் பெண்டாட்டி குழந்தையோடு கூடத்தில் திரை கட்டிப் படுக்கிறான். எத்தனை நாளைக்கு?

நாலரை அடி என்று இன்ஜினியர் சொன்னாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். அகலத்தை அளந்தாள், கம்பியைச் சுரண்டிப் பார்த்தாள். இரண்டு மாடி என்ன, மூன்றே தாங்கும் என்றாள்.

மதில்மேல் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டு மெக்கானிக் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ஓரறை வீட்டுக்கு இவ்வளவு ஆழமா, கோட்டையா கட்டப்போகிறாய் என்று அஸ்திவாரம் போட்ட அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்த மனுஷன்.

மேஸ்திரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நிமிர்ந்தது.

இன்ஜினியர் படிவத்தைப் பிரித்தாள். இந்த ஆழத்தை முடிவு செய்தது யார் என்று கேட்டாள். பிள்ளைகள் மூவரும் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக அந்தப் பெயரை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டவர்தான் அவரும்.

இன்றைக்கு ஏனோ அதை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. வாசற்படியில் நின்ற மனைவியைக் கைகாட்டினார்.

"நான் ரெண்டடிக்குத்தான் குறிச்சுக் குடுத்தேன். வேலை முடிஞ்சு வந்து பார்த்தா இவ குழிக்குள்ள நிக்கிறா, தலை மட்டும்தான் தெரியுது."

ஒன்பது குழியும் அப்படித்தான். யாருக்கடி இவ்வளவு ஆழம் என்று கத்தியிருக்கிறார், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பாட்டுக்குக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் கம்பி கட்டி கான்கிரீட் போட்டதுதான் மேஸ்திரியின் சாமர்த்தியம்.

மெக்கானிக் மதிலை விட்டு நிமிர்ந்து நின்றார். மகள் அம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள்.

படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் இப்போது எத்தனை பேர்? ஏழு என்று இன்ஜினியரே எண்ணி எழுதிக்கொண்டாள். அஸ்திவாரம் போட்டபோது எத்தனை பேர் என்று மனைவியிடம் கேட்டாள்.

"நாங்க ரெண்டே பேர்தாம்மா. கல்யாணமாகி ஆறு வருஷம், டாக்டரே கையை விரிச்சுட்டார். பசங்க வந்தா எங்க படுப்பாங்கன்னுதான் தோண்டினேன்."