தட்டு சொன்ன எண்

அன்று கூடத்தில் திருமலையப்பன், அவர் மனைவி வடிவம்மாள், மணப்பெண்ணான மகள் இளவேனில், சம்பந்தியாகப் போகும் சிதம்பரநாதன் ஆகிய நால்வர் இருந்தார்கள். மகன் குமரகுருவைப் பின்னறையில் தாழிட்டு வைத்திருந்தார்கள். அவனுக்குப் பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதல். அது மனைவியின் கருப்பைக் கோளாறு என்று சொல்லி, இருபது வருடமாக அவளை அடித்து வந்தார் திருமலையப்பன்.

தாம்பூலம் மாற்றும் முன் இரு வீட்டுத் தலைவர்களும், உடம்பிலுள்ள குரோமோசோம்களை எண்ணிச் சொல்லும் எண்ணுதட்டில் விரல் வைப்பது இப்போதைய வழக்கம். நாற்பத்தாறு வந்தால்தான் வெற்றிலை கைமாறும்.

“நீங்க முதல்ல வைங்க சம்பந்தி. சுத்த ரத்தம்னு ஊரெல்லாம் சொல்றீங்களே!” என்று சிரித்தார் சிதம்பரநாதன்.

திருமலையப்பன் மீசையை நீவியபடி விரலை வைத்தார்.

“நாற்பத்தைந்து,” என்றது தட்டு. “இரண்டு ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. உங்களுக்கு நோயில்லை. உங்கள் பிள்ளைக்கு ஒன்று கூடுதலாகப் போயிருக்கலாம்.”

இளவேனில் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

“அப்பா, நானும்!” என்று விரலை நீட்டியபடி ஓடிவந்தான் குமரகுரு.

சம்பந்தியின் கண்ணெதிரே மானம் போயிற்று என்பது மட்டுமே திருமலையப்பனுக்குத் தெரிந்தது. தட்டைச் சுவரில் அடித்து நொறுக்கினார். குத்துவிளக்கைத் தூக்கி மகனின் தலைக்கு ஓங்கினார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அது அவருடைய கை.

சம்பந்திதான் அடித்து ஒடித்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். சிதம்பரநாதன் நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஜோடி விளக்கில் மற்றொன்றை எடுத்து அடித்தவள் வடிவம்மாள்.