தாரைச் செம்பு

தாரைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு மகளுக்குக் கல்யாணம்.

கூடத்தில் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது. இந்தக் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அவளுடைய கல்யாணத்தை இழுக்காமல் விடமாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் இறந்துபோனாரே, அதற்கு இரண்டாம் நாள் காலையில் முகூர்த்தம். பஸ் ஓடவில்லை. கடை திறக்கவில்லை. மேளக்காரர்கள் வரவில்லை.

அன்றைக்கு யார் எங்கே இருந்தார்கள் என்று ஆளுக்கொரு கதை.

பெரியம்மா மகன், ரோட்டில் வெட்டிப்போட்ட புளியமரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். சித்தப்பா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பாத்திரச் சீரைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். ஊரே வரும் என்று வைத்த சாம்பாரைத் தம்பி தனபால் மூன்று நாள் தின்றான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சாம்பார் அண்டா கொஞ்சம் பெரிதாகும். எல்லோரும் சிரிப்பார்கள்.

அவளுக்குச் சிரிப்பு நின்று வருஷக்கணக்காகிறது.

அவள் எங்கே இருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. மணவறையில்தானே இருந்தாள், கேட்க என்ன இருக்கிறது.

மணவறையில் உட்கார்ந்து மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்ராஸில் அரிசி மண்டியில் வேலை பார்த்த அப்பா வந்து சேரவில்லை.

அப்பா மகளின் கையைப் பிடிக்கவேண்டும். அம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்க்கவேண்டும். அதுதான் முறை. பெரியப்பா பிடிக்கட்டும், பெரியம்மா வார்க்கட்டும் என்றார்கள். ஜோடியாகச் செய்யவேண்டியதை ஒற்றையாகச் செய்யக்கூடாது என்றார்கள். அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பெத்தவ நான் இருக்கேன்" என்றாள்.

வலது கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். செம்பை இடது கையில் தூக்கினாள். இடக்கையிலா என்று யாரோ முணுமுணுத்தார்கள். நல்ல கனமான செம்பு. கை நடுங்கிப் பாதித் தண்ணீர் மாப்பிள்ளை வேட்டியில் கொட்டியது. கல்யாணத்தன்றே என் மாமியார் என்னைக் குளிப்பாட்டிவிட்டார் என்று கடைசிவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா மறுநாள் வந்தார். திண்டிவனத்திலிருந்து பாதி வழி நடை, பாதி வழி லாரி. கால் வீங்கிப்போய்ச் செருப்பைக் கையில் வைத்திருந்தார். மகளைப் பார்க்காமல் நேராகக் கொல்லைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இந்தப் பேச்சு தொடங்கினாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் தலை மறைகிறவரை காத்திருந்துவிட்டுத்தான் தனபால் சாம்பாருக்கே வருவான்.

இப்போது அம்மா இல்லை. வேட்டி நனைந்தவரும் போன வருஷம் போய்விட்டார்.

நாளைக்குத் தனபாலும் அவன் மனைவியும் தாரை வார்ப்பது என்று முடிவாகியிருந்தது. நல்ல மனசோடுதான் முடிவு செய்திருந்தார்கள். அவளை மட்டும் கேட்கவில்லை. புருஷன் போனபிறகு அவளைக் கேட்காமலே எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அலுத்துவிட்டது.

இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று இருந்தாள். அம்மா ஒற்றை ஆளாகச் செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்லி, அதேபோல நானும் செய்கிறேன் என்று கேட்பது. மகளிடம் சொல்லியாயிற்று. வேறு யாருக்கும் தெரியாது.

செம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அப்பா எழுந்து போயிருக்கவில்லை.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாக ஞாபகம் முன்னேபின்னே ஆகிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இன்னும் சாப்பாடு போடவில்லையா என்கிறார்.

செம்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நாந்தான உன் கையப் புடிச்சிருந்தேன்?"

தனபால் தரையைப் பார்த்தான்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எதையெல்லாமோ மறக்கிறவர், இதையும் தனக்கு வசதியாக மறந்துவிட்டாரே. அம்மா தன் இஷ்டத்துக்குச் செய்தது என்று வாழ்க்கையில் அந்த ஒரு செம்புத் தண்ணீர்தான். அதையும் இவர் எடுத்துக்கொள்வதா?

இல்லைப்பா என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மலர்ச்சி போய்விட்டிருந்தது.

"அப்ப நான் வந்துட்டேனாம்மா?"

அவர் முழுசாக மறந்திருக்கவில்லை.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போனாள்.

"வந்துட்டீங்கப்பா. நீங்க புடிச்சிருந்தீங்க. அம்மா தண்ணி ஊத்துனாங்க."

அப்பா தலையாட்டினார். இரண்டு தடவை ஆட்டினார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சு மறுபடி சாம்பாருக்குப் போயிற்று. முதல் முறையாக அப்பாவை வைத்துக்கொண்டே தனபால் அந்தக் கதையைச் சொன்னான்.

இனி அம்மா பேரைச் சொல்லி அவள் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தம்பி மனைவியிடம் செம்பை நீட்டினாள்.

நடுவில் வந்து மகள் வாங்கிக்கொண்டாள். மருதாணி காயாத கை. பளபளவென்று தேய்த்த செம்பில் பச்சையாக ஒட்டியது.

உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

கழுத்துவரை தண்ணீரோடு கொண்டுவந்து தன் அம்மாவின் முன்னால் வைத்தாள். அத்தையைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்க்கவில்லை.

"கனமா இருக்கும்மா" என்றாள். "இடது கையில ஒரு தடவ தூக்கிப் பாரு."