இடைவெளி குறைந்துவிட்டது

கிளேட்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நடீன், இடைவெளி ரொம்பக் குறைஞ்சுடுச்சு. கிளம்பலாமா?"

"சும்மா இரேன். கடைசி இன்னிங்ஸ்," என்றாள் மனைவி, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னிருக்கைப் பெரியவர் வெர்னன் முன்னால் குனிந்தார். "சரியாச் சொன்னே தம்பி! இத்தனை நொடிக்குள்ள அடுத்ததைப் போடணும்னு பந்துக்கும் பந்துக்கும் நடுவுல கடிகாரம் வெச்சுட்டானுங்க. முன்னெல்லாம் பந்து போடறவன் தொப்பியைச் சரி பண்றதுக்குள்ள நான் போய் பீர் வாங்கிட்டு வந்துடுவேன். பேஸ்பாலா இது?"

கிளேட்டன் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "போதும்மா. வா, போயிடலாம்."

"ஸ்கோர் சமமா இருக்கு. நான் வரமாட்டேன்."

வெர்னனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னை மாதிரி பொறுமை இல்லாதவனுங்களுக்காகத்தான்யா ஆட்டத்தையே சுருக்கினாங்க. பிடிக்கலேன்னா நீ போ! அவளை ஏன் இழுக்கறே?"

மட்டையில் பந்து பலமாகப் பட்ட சத்தம் கேட்டது. அரங்கமே எழுந்து கத்தியது. நடீன் மட்டும் கணவன் கையை இறுகப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"இனிமே தாங்காது," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு."

அவள் எழுந்தபோதுதான் அந்த நிறைமாத வயிற்றை வெர்னன் பார்த்தார்.

"அடப்பாவி, வலிக்கும் வலிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியையா பார்த்துட்டிருந்தே?" கையிலிருந்த பீரைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்கு முன்னால் ஓடினார். "வழி விடுங்கப்பா! பிள்ளைத்தாச்சி வர்றா!"

படியிறங்கும்போது நடீன் மூச்சிரைக்கக் கேட்டாள்: "பெரியவரே, அந்தப் பந்து என்னாச்சு?"

"யாரும்மா பார்த்தா? நீ நட!"