வரையாத படம்

நாளைக்கு மருமகள் இந்துமதிக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்டர்வியூ. ஆப்களுக்கு டிசைன் செய்கிற வேலை. கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, மாமனார் பொன்னுரங்கத்தை அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார வைத்தாள். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வெறுங்கையோட அனுப்புற பயலுங்கம்மா இவனுங்க."

"அதிகாரி இப்படித் திட்ட மாட்டாரு மாமா. கேளுங்க."

"மூணு வருஷம் வேலையில இல்ல. என்ன செஞ்சீங்க?"

அவள் ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேச்சு போய்ப் படுக்கையில் கிடந்து செத்துப்போன அவர் மகன் கதிரேசனுக்காக அவள் வரைந்தது. தண்ணீர், வலி, ஃபேன், அப்பா என்று பன்னிரண்டு படங்கள். வேண்டியதை அவன் விரலால் தொட்டுக் காட்டுவான். தண்ணீர்ப் படம் தேய்ந்து வெளுத்திருந்தது.

"இதையா கண்டவன்கிட்ட காட்டப் போற?"

"மூணு வருஷத்துல நான் செஞ்சது இது ஒண்ணுதான் மாமா. இதுவும் இல்லன்னா என்னை எடுக்க மாட்டாங்க."

அவர் அட்டையைத் தொடவில்லை. தாளில் விரல் வைத்து அடுத்ததை வாசித்தார். "இதில் நீங்கள் செய்த தவறு என்ன?" வாசித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஒண்ணும் இல்லன்னு சொல்லும்மா."

"இருக்கு மாமா. 'போதும்'னு ஒரு படம் வரையல. கடைசி ரெண்டு மாசம் அவர் விரல் அட்டை முழுக்க அதைத்தான் தேடிச்சு. தெரிஞ்சும் நான் வரையல."

பொன்னுரங்கம் கேள்வித் தாளை மேசைமேல் வைத்தார்.

"வரைஞ்சிருந்தா நான் கிழிச்சுப் போட்டிருப்பேன்," என்றார்.